ஏ4 எழுந்து நிற்கிறார்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எங்கே இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் ஆபீஸில் பெயர் அவ்வளவாகத் தேவைப்படாது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அரசு அலுவலகம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு எழுத்து, ஒரு எண். நான் ஏ3. எனக்கு இடப்பக்கத்து மேசை ஏ4. "ஏ4 இன்னிக்கு லீவா?", "ஏ4 டீ குடிச்சாச்சா?" என்றுதான் பேச்சு நடக்கும். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், எண் மாறாது. இவர் பதினோரு வருடம் அதே மேசையில் இருந்ததால் அந்த எண்ணே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தப் பதினோரு வருடமும், காலையில் நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார். "வாங்கக்கா" என்பார். நான் சாப்பாட்டுக் கூடையை மேசைக்கு அடியில் தள்ளி, ஃபேனைப் போட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து உட்காருகிற வரைக்கும் நிற்பார். நான் அவருக்கு அதிகாரி இல்லை. அவரைவிட ஆறு வயது மூத்தவள், அவ்வளவுதான்.

"நான் என்ன கலெக்டரா? உக்காருங்க தம்பி" என்று சிடுசிடுப்பேன். என் வாய் கொஞ்சம் நீளம், ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே உட்காருவார். மறுநாள் மறுபடியும் எழுந்து நிற்பார்.

எனக்கு நின்றதுகூடப் பரவாயில்லை. மனு கொண்டு வருகிறவர்களுக்கு எந்த ஆபீஸில் எழுந்து நிற்கிறார்கள்? நான் நின்றதில்லை, பொய் சொல்வானேன். இவர் நிற்பார். முதியோர் பென்ஷனுக்காகப் பிளாஸ்டிக் பையில் ரேஷன் கார்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு கிழவி வாசலில் தயங்கினால், இங்கே நாற்காலி சத்தம் கேட்கும். "வாங்கத்தா, உள்ள வாங்க." அந்தக் கிழவிகள் பயந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார்கள். தனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆபீசர் வருகிறார் என்று நினைப்பு. ஒரு முறை ஒரு பெரியவர் இவர் எழுந்ததைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றுவிட்டார். இவரும் நிற்கிறார். அவர் உட்காரட்டும் என்று இவர், இவர் உட்காரட்டும் என்று அவர். "ரெண்டு பேரும் இப்படியே நின்னா மனுவ யாரு எழுதுறது?" என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். மதுரையில் அவருக்கும் கோச்சடை, எனக்கும் கோச்சடை, இரண்டு தெரு தள்ளி. நான் முட்டி மோதி ஏறி, அவருக்கும் சேர்த்து ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பேன். செக்கானூரணி தாண்டுவதற்குள் அந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ, வெங்காய மூட்டைக்காரரோ உட்கார்ந்திருப்பார். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இனிமே உங்களுக்கு இடம் போட்டா என்னைய ஏன்னு கேளுங்க" என்று ஒரு நாள் கோபமாகவே சொன்னேன். "அப்படி என்னதான் வேண்டுதலு உங்களுக்கு?"

"தெரியலக்கா. யாராச்சும் வந்தா காலு தானா எந்திரிக்குது. நான் என்ன பண்ண?" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணமும் என்னிடம் இல்லை.

ஒரு சித்திரையில் ஆரம்பித்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நாள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தோம். அவர் சட்டை மட்டும் இஸ்திரி போட்டபடி இருந்தது. "என்ன தம்பி, உங்களுக்கு மட்டும் ஏசி போட்டிருக்காய்ங்களா?" என்று கேலி பேசிக்கொண்டே கையைத் தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. "வேர்வையே வர மாட்டேங்குதுக்கா, ஒரு மாசமா" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக நின்றது. வாயில் எச்சில் ஊறுவது நின்றது. ஒரு வடையைத் தின்ன ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. கண்ணில் ஈரம் வற்றியது. கண்ணின் பாப்பா விரிந்தபடியே நின்றுவிட்டதால் வெளிச்சம் குத்தியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். "ஏ4 ஹீரோ ஆயிட்டாரு" என்று எல்லாரும் ஓட்டினோம். நானும்தான். வயிறு இளகவில்லை, மூத்திரம் சரியாகப் போகவில்லை என்பதையெல்லாம் பக்கத்து மேசை அக்காவிடம் சொல்லக் கூச்சப்பட்டு உள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதல் முறை விழுந்தது ஒரு கிழவிக்காக. வாசலில் அந்த ஆத்தா தலையைக் காட்டினாள். இவர் வழக்கம்போல விருட்டென்று எழுந்தார். "வாங்..." என்றார். மீதி வரவில்லை. அப்படியே பைல் கட்டுகளின் மேல் சரிந்தார். தண்ணீர் தெளித்துப் படுக்க வைத்ததும் ஒரு நிமிடத்தில் கண் திறந்து, "ஆத்தாவ உக்கார சொன்னீங்களாக்கா?" என்று கேட்டார்.

ஆத்தா எங்கே உட்கார்ந்தாள். "நான் வந்த நேரமாய்யா, நான் வந்த நேரமா" என்று நெஞ்சில் கை வைத்து அழுதாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வாசப்படி ஏறவே இல்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, மனுவை பியூன் கையில் கொடுத்து அனுப்புவாள். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சுகர் என்றார்கள். ரத்தம் இல்லை என்றார்கள். யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று அவர் மனைவி சுற்றிப் போட்டாள். கட்டிலில் படுக்க வைத்து பிரஷர் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் மதுரையில் ஒரு சின்ன வயசு நரம்பு டாக்டர்தான் நிற்க வைத்துப் பார்த்தார். பிரஷர் பாதிக்கும் கீழே போனது. அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

"நாம எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கும்மா" என்றார் அந்த டாக்டர். "உடனே நரம்பு ரத்தக் குழாயை இறுக்கி மேல தள்ளிவிடும். வேர்வை, கண்ணீர், எச்சில், சீரணம் எல்லாம் அதே மாதிரி, நம்மைக் கேக்காம தானா நடக்கிற வேலை. இவரோட எதிர்ப்பு சக்தியே அந்த நரம்பு முடிச்சுகளை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. ரொம்ப அபூர்வமான வியாதி. நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

வீட்டைக் காக்கக் கட்டிய நாய் வீட்டு ஆளையே கடித்த கதை என்று நான் புரிந்துகொண்டேன்.

ரத்தக் குழாயில் மருந்து ஏற்றினார்கள். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கொஞ்சம் தேறினார். எச்சில் கொஞ்சம் வந்தது, வயிறு கொஞ்சம் இளகியது. அதோடு நின்றுவிட்டது. உப்பு கூடுதலாகச் சாப்பிடணும், தண்ணீர் நிறையக் குடிக்கணும், கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தணும், காலை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ் போடணும். முக்கியமாக, எழுந்திருப்பதை மூன்று தவணையாகச் செய்யணும். படுக்கையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம். காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம். அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு மெதுவாக நிற்கணும்.

தனக்காக எழும்போது டாக்டர் சொன்னபடியே செய்வார். பாத்ரூம் போக, சாப்பிட வர, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூன்று தவணை. ஆனால் யாராவது வீட்டுக்குள் வந்துவிட்டால் போச்சு. கால் பழையபடி விருட்டென்று எழும். "வாங்..." என்பார். விழுவார். உடம்பில் தானாக நடக்கிறதெல்லாம் நின்றுபோய், இந்த ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. எனக்கு அதை நினைத்தால் ஆத்திரமாக வரும். வேர்வையை விட்ட சனியன் இதையும் விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஆண்டவனிடமே கேட்டிருக்கிறேன்.

வேலையை விட்டுவிட்டார். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறாகும் திரும்ப. மகள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில். பகல் முழுக்க அவர் ஒற்றை ஆள். கூடத்தில் மர நாற்காலி, பக்கத்தில் உப்புப் போட்ட மோர். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் மாதங்களில் ஆட்கள் வந்தார்கள். ஆபீஸ் ஆட்கள், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள். வந்த எல்லாருக்கும் எழுந்தார். பாதிப் பேருக்கு விழுந்தார். எனக்கு மட்டும் மூன்று முறை விழுந்திருக்கிறார். வாசலிலேயே நின்று "உக்காருங்க தம்பி" என்று கத்திக்கொண்டு ஓடிப் பிடிப்பேன். என் முட்டி அதற்கு ஒத்துழைக்காது.

அண்ணன் செத்த வீட்டில் இவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று அவர் ஊரில் பேசினார்களாம். கல்நெஞ்சுக்காரன் என்று ஒரு பெரியம்மா முகத்துக்கு நேராகவே சொன்னாளாம். "வரலன்னா நான் என்னக்கா பண்ண?" என்று என்னிடம் கேட்டார். அந்தச் சொந்தங்கள் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் சிலிண்டர் போட வந்த ஆளுக்காக எழுந்து, விழுந்து, நிலைப்படியில் நெற்றி பிளந்தது. தையல் போட்டார்கள். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் அவர் மனைவி என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இனிமே வீட்டுக்கு வராதீங்க. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அடுத்த வாட்டி மண்டையில அடிபட்டா நான் என்னக்கா செய்வேன்? நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம்."

நியாயம்தானே. சரி என்றேன். நான்கு மாதம் போகவில்லை. அவர் தெரு வழியாகப் போனால் ஜன்னலில் பார்த்துவிடுவார் என்று சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போனேன். நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆபீஸில் அந்த மேசைக்குப் புதிதாக வந்த ஏ4, நான் உள்ளே நுழையும்போது தலையைக்கூடத் தூக்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் ஒரு விநாடி நின்றுவிட்டுத்தான் உட்காருவேன்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொரிகடலைப் பொட்டலம் கொடுப்பார்கள். புது ஏ4 தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். எனக்குக் கொடுத்ததைப் பிரிக்க மனசு வரவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கிரில் கதவு பூட்டியிருந்தது. கம்பியில் பொட்டலத்தைக் கவரோடு மாட்டிவிட்டு நைசாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். கவர் சரசரத்தது.

"யாரு? அக்காவா?"

நாற்காலி நகருவதற்குள், என்ன தோன்றியதோ, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் படியில் சப்பென்று உட்கார்ந்துவிட்டேன். "நான் வரல தம்பி. தெருவுல போறவ, கால் வலிக்குதுன்னு உக்காந்திருக்கேன். எந்திரிக்காதீங்க."

உள்ளே சத்தம் இல்லை. விழவும் இல்லை.

"நாலு மாசம் ஆச்சுக்கா" என்றார்.

"முட்டி வலி தம்பி."

"முட்டி வலியோடதான் தெனம் உசிலம்பட்டிக்குப் போயிட்டு வாரீங்க."

முந்தானையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டேன்.

"பரவால்லக்கா. எனக்குப் புரியுது. வேர்வை இல்ல, கண்ணீர் இல்ல, முழிச்ச கண்ணு முழிச்சபடி. எதுக்க உக்காந்து பேச ஒரு மாதிரி இருக்கும்ல. ஆபீஸ்லருந்துகூட ஒருத்தரும் வாரதில்ல. ஒட்டிக்கிற வியாதின்னு யாராச்சும் சொல்லிட்டாங்களோ?"

நான்கு மாதமும் அந்த மனுஷன் இதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் மனைவிக்குக் கொடுத்த வாக்காவது ஒன்றாவது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எல்லார்ட்டயுமா சொல்லிருக்கா?"

"எல்லார்ட்டயும்தான். நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு விழுந்தா அந்தப் புள்ள என்ன செய்யும்? உக்காந்தபடியே ஒரு வாங்க சொன்னா என்ன குறைஞ்சா போயிருவீங்க?" என்று அழுதுகொண்டே திட்டினேன். மூக்கை உறிஞ்சினேன்.

"உங்களுக்காச்சும் வருதே" என்றார் உள்ளேயிருந்து.

அடுத்த சனிக்கிழமை போனேன். கிரில் கதவு திறந்திருந்தது. அவர் நாற்காலியில் இருந்தார். இடுப்பைச் சுற்றி ஒரு குத்தாலத் துண்டு. நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சு முன்பக்கம், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி. நான் படியில் கால் வைத்ததும் உடம்பு ஒரு சாண் மேலே எழும்பியது. துண்டு இறுகியது. நாற்காலி கிறீச்சென்றது. திரும்ப உட்கார்ந்தார்.

"வாங்கக்கா" என்றார். வியாதி வந்த பிறகு முதல் தடவையாக முழுசாக.

காலையில் மனைவி கிளம்பும்போது கட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். "இனிமே யார் வந்தாலும் விழ மாட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிருங்கக்கா" என்றார். சொன்னேன். ஆபீஸில் மேசை மேசையாகப் போய்ச் சொன்னேன். தெருவில் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆட்கள் ஆறு பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். அவர் ஆறு பேருக்கும் தனித்தனியாக எழும்பி, தனித்தனியாக வாங்க சொன்னார். அவர்களுக்கு அந்தத் துண்டைப் பார்க்க முடியவில்லை. கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். ஆட்களுக்கு வராமல் பழகிவிட்டது, வேறு என்ன. அதற்குப் பிறகு நான் மட்டும்தான், சனிக்கிழமைகளில். மற்ற நாளெல்லாம் அவர் கதவைத் திறந்து வைத்து, தன்னைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தயாராக உட்கார்ந்திருந்தார்.

மனைவி முன்கூட்டியே ரிட்டயர்மெண்ட் வாங்கியதும் மகள் இரண்டு பேரையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆறாவது மாடி. நானும் அடுத்த வருடம் ரிட்டயர் ஆனேன். போனில் பேசுவோம். மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு தீபாவளி பொங்கலுக்கு. நானும் மற்றவர்களைப் போலத்தானே.

போன ஆடியில் கூப்பிட்டேன். உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"நல்லாருக்கேன்க்கா. டாக்டருக்கு ரொம்ப சந்தோசம். ஒரு வருசமா ஒரு தடவகூட விழல."

"எப்படித் தம்பி?"

"யாருக்கா வாரா இங்க?" என்றார். எனக்கு நல்ல சேதி சொல்கிற குரலிலேயே சொன்னார்.

அந்தச் சனிக்கிழமையே காலையில் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தாராபுரம் வரைக்கும் பக்கத்து இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு வந்தேன். யாருக்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது. மகள் வேலைக்குப் போயிருப்பாள், மனைவி மட்டும்தான் இருப்பாள் என்று தெரியும். வருகிறேன் என்று போன் பண்ணவில்லை. பண்ணினால் காலையிலிருந்தே தயாராகி உட்கார்ந்துவிடுவார்.

மணி அடித்துவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நடைபாதையில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பின்னால் கதவு திறந்தது. அவர் மனைவி, "ஐயோ அக்கா, நீங்களா?" என்றாள்.

"நான் வரல தம்பி" என்று உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "தெருவுல போறவ. எந்திரிக்காதீங்க."

நாற்காலி சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"பயப்படாம உள்ள வாங்கக்கா" என்றாள் அவர் மனைவி. குரலில் அத்தனை நிம்மதி. "இப்பல்லாம் எந்திரிக்கிறதே இல்ல. துண்டுகூடக் கட்டுறதில்ல."

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் அதே மர நாற்காலி. குத்தாலத் துண்டு வாஷ்பேசின் பக்கத்தில் கை துடைக்கத் தொங்கியது. அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். அகன்ற கண்ணால் என்னைப் பார்த்தார். உடம்பில் ஒரு அசைவு இல்லை. நான் ஷூ ஸ்டாண்டைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அவர் முன்னால் போய் நின்றேன். அப்போதும் இல்லை.

அவரும் அதைக் கவனித்துவிட்டார். தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"பாத்தீங்களாக்கா" என்றார் மெதுவாக. "மறந்துருச்சு."

பதினோரு வருடம் ஆபீஸில், பிறகு அந்த வீட்டு வாசலில், நான் இந்த ஒன்றைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. எனக்கு அது வேண்டாம்.

பையைக் கீழே போட்டேன். அவர் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்தேன்.

"எந்திரிங்க தம்பி" என்றேன்.

"அக்கா, என்ன பண்றீங்க?" என்று அவர் மனைவி ஓடி வந்தாள்.

"நீ அந்தப் பக்கம் பிடி. ஒண்ணும் ஆகாது. ரெண்டு பேரு இருக்கோம்."

தவணை தவணையாகத்தான் எழுப்பினோம். காலை ஊன்ற வைத்தோம், பொறுத்தோம், தூக்கினோம். நின்றார். என் தோளுக்கு மேல் அவர் தலை ஆடியது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அவர் மனைவி முருகா முருகா என்று முனகினாள்.

"வாங்கக்கா" என்றார்.

"வந்துட்டேன் தம்பி. உக்காருங்க" என்றேன்.